கெட்டது டயோடு, கெடுத்தது வயர்: லேசர் பாயிண்டர் டிரைவர் பழுது பார்த்த அனுபவம்

ஏப்ரல் கடைசியில், பரீட்சை முடிந்த கையோடு டீச்சர் மதுரை செல்லூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். வாடிப்பட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறவர். கையில் மஞ்சப்பை. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் செய்து கொடுத்த ஐந்து லேசர் பாயிண்டர்களில் மூன்று அதற்குள் இருந்தன.

"தம்பி, ரெண்டு நல்லாருக்கு. இந்த மூணும் ஒண்ணு ஒண்ணா போயிருச்சு. பிள்ளைக கீழ போட்டுட்டாங்கன்னு நினைச்சுறாதீங்க. நானே பீரோவுல வச்சுப் பூட்டித்தான் எடுக்கிறேன்."

பிள்ளைகள் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்தில் மூன்று போகிறது என்றால் செய்தவன் எங்கேயோ தப்புச் செய்திருக்கிறான். அந்தத் தப்பு என்னவென்று கண்டுபிடிக்காமல் டயோடை மட்டும் மாற்றிக் கொடுத்தால், அடுத்த ஏப்ரலில் அதே மஞ்சப்பை திரும்ப வரும். அதனால் மே மாதம் முழுக்க, வருமானம் தரும் டிவி போர்டு வேலைகளுக்கு நடுவில், இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டுபிடித்ததை முழுசாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரி வீட்டில் செய்கிறவர்களுக்கு இரண்டு மூன்று டயோடாவது மிஞ்சும்.

முதலில் அந்தப் பாயிண்டரின் அமைப்பு. முக்கால் இஞ்ச் பிவிசி பைப் ஒரு சாண் நீளம். அதற்குள் 14500 அளவு லித்தியம் செல் ஒன்று, ஒரு புஷ் சுவிட்ச், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு போர்டு, முன்பக்கம் பித்தளைக் குழாயில் லென்ஸோடு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் டயோடு. போர்டில் இருப்பது எளிய கரண்ட் டிரைவர், அதாவது டயோடுக்குக் கரண்டை அளந்து தரும் சுற்று: எஸ்8050 டிரான்சிஸ்டர் இரண்டு (சின்ன மூன்று கால் வகை, மேலே ஜே3ஒய் என்று இருக்கும்), பேஸுக்கு (டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் கால்) 2.2 கிலோ ஓம் ஒன்று, கரண்டை அளக்க 22 ஓம் ஒன்று. முதல் டிரான்சிஸ்டர் டயோடு வழியாகக் கரண்டை இழுக்கும். அந்தக் கரண்ட் 22 ஓம் வழியாகத் தரைக்குப் போகும்போது அதன் மேல் 0.6 வோல்ட் சொச்சம் சேர்ந்ததும் இரண்டாவது டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு முதல்வனின் பேஸைக் கீழே இழுத்துவிடும். 0.62-ஐ 22-ஆல் வகுத்தால் 28 மில்லி ஆம்பியர். செல் 4.2 வோல்ட்டில் இருந்தாலும் 3.3-க்கு இறங்கினாலும் அந்த 28 அசையாது.

லேசர் டயோடுக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு என்று கேட்கலாம். எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதும். கொஞ்சம் கூடக் குறையப் போனாலும் பொறுத்துக்கொள்ளும். லேசர் டயோடு அப்படி இல்லை. இந்த வகையில் இருபது சொச்சம் மில்லி ஆம்பியர் வரைக்கும் வெறும் எல்இடி மாதிரி மங்கலாக எரியும். அந்த வாசலைத் தாண்டியதும்தான் லேசராகும். அங்கிருந்து இன்னும் எட்டு பத்து மில்லி ஆம்பியர் ஏறுவதற்குள் முழு 5 மில்லிவாட்டும் வந்துவிடும். அதற்கு மேல் போனால், ஒளி வெளியேறுகிற அந்த முகம், மைக்ரான் கணக்கில் இருக்கும் ஒரு படிக விளிம்பு, தன் ஒளியாலேயே பொசுங்கிப் போகும். இதற்கு நேரமே வேண்டாம். நானோ வினாடிகள் போதும். பியூஸ் போட்டுக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். பியூஸ் சூடாகத் தொடங்குவதற்குள் டயோடு போயிருக்கும்.

முதல் பாயிண்டர்

சுவிட்சை அழுத்தினால் எரிந்தது. ஆனால் சுவரில் விழுந்தது புள்ளி இல்லை. வட்டமாக, மங்கலாக ஒரு சிவப்பு. நல்ல லேசர் வெளிச்சத்தைச் சுவரில் பார்த்தால் மணல் தூவியது மாதிரி பொறுபொறுவென்று மின்னும். இதில் அந்த மணல் இல்லை. டயோடு எல்இடியாகிவிட்டது.

உறுதிப்படுத்த, 9 வோல்ட் பேட்டரி, 220 ஓம், 1 கிலோ ஓம் பாட் (திருகித் தடையை மாற்றுகிற ரெசிஸ்டர்) மூன்றையும் தொடராகக் கோத்து டயோடை அதில் மாட்டிப் பாட்டை மெல்லத் திருகினேன். நல்ல டயோடாக இருந்தால் இருபது சொச்சத்தில் திடீரென்று வெளிச்சம் துள்ளும். இது 30 மில்லி ஆம்பியர் வரைக்கும் துள்ளவே இல்லை. போய்விட்டது. அதில் சந்தேகமில்லை.

இங்கேதான் எல்லோரும், முன்பு நானும், செய்கிற தவறு: புது டயோடை எடுத்து அதே டிரைவரில் வைத்துப் பார்ப்பது. டிரைவரைச் சோதிக்க டயோடைப் பலி கொடுக்கிற வேலை அது. அதற்குப் பதிலாக ஒரு டம்மி லோடு செய்துகொள்ளுங்கள். மூன்று 1என்4007 டயோடுகளை ஒரே திசையில் தொடராகப் பற்றவைத்து, கடைசியில் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. மூன்று டயோடும் சேர்ந்து 2.1, 2.2 வோல்ட் பிடிக்கும். சிவப்பு லேசரும் ஏறக்குறைய அதையேதான் பிடிக்கும். 1 ஓம் மேல் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்தால், தெரிகிற எண்தான் மில்லி ஆம்பியர். கணக்கே வேண்டாம். மொத்தச் செலவு பத்து ரூபாய்க்குள்.

டம்மி லோடை மாட்டினேன். 28.3. செல்லை மாற்றிப் பார்த்தேன். 28.2. அரை மணி நேரம் ஓடவிட்டேன். சூட்டில் 27.8-க்கு இறங்கியது, அவ்வளவுதான். டிரைவரில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் டயோடைக் கொன்றது எது?

இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் போர்டைத் திருப்பி வைக்கும்போது, டயோடுக்குப் போகிற சிவப்பு வயர் விரலில் பட்டது. மீட்டரில் எண் 0 ஆகி உடனே 28-க்குத் திரும்பியது. மறுபடியும் வயரை அசைத்தேன். 0. விட்டேன். 28.

வயர் போர்டில் சேர்கிற இடத்தைப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஈயத்தின் மேல் வயரைச் சுற்றி முடியளவு ஒரு கறுப்பு வளையம். டிவி மெக்கானிக் வேலை தெரிந்த எல்லோருக்கும் இந்த வளையம் பழக்கம். பழைய டிவியில் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மர் கால்களில் வருவதுதான், ஈயம் காலைப் பிடிக்காமல் விண்டு நிற்பது. டிரை சால்டர். பெரிய போர்டில் இதனால் டிவி அணைந்து அணைந்து எரியும், அவ்வளவுதான். தலையில் ஒரு தட்டுத் தட்டினால் படம் வரும். ஆனால் லேசரில் இந்த வெடிப்பு டயோடையே கொன்றுவிடுகிறது. எப்படி என்று சொல்கிறேன். இந்தப் பதிவை எழுதியதே இதற்காகத்தான்.

அந்தப் போர்டின் வெளிவாசலில், டயோடுக்குப் போகும் இரண்டு பேடுகளுக்கு (ஈயம் வைக்கிற செம்புத் திட்டுகள்) நடுவில், நான் 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்திருந்தேன். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான்: சுவிட்ச் போடும்போது வரும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும், டயோடு பிழைக்கும் என்று. எல்லாம் சரியாகச் சேர்ந்திருக்கும்போது அந்தக் கெப்பாசிட்டர் மேல் 2.2 வோல்ட்தான் இருக்கும், ஏனென்றால் டயோடு அதற்கு மேல் ஏறவிடாது. இப்போது அந்த வெடிப்பு ஒரு நொடி திறக்கிறது என்று வையுங்கள். டயோடு வெளியே போய்விட்டது. டிரைவர் என்ன நினைக்கும்? "28 வேண்டும், ஒன்றும் ஓடவில்லையே" என்று முழு பலத்தோடு இழுக்கும். கெப்பாசிட்டர் செல்லின் முழு வோல்ட்டுக்கு நிரம்பிவிடும். அளந்தே பார்த்தேன்: வயர் சேர்ந்திருக்கும்போது 2.2, அசைத்துப் பிரித்தபோது 3.9. அடுத்த நொடி வெடிப்பு மறுபடி சேர்கிறது. 3.9 வோல்ட்டில் நிரம்பி நிற்கும் கெப்பாசிட்டர், 2.2 மட்டுமே தாங்கும் டயோடின் மேல் அப்படியே கவிழ்கிறது. நடுவில் தடுக்க ஒரு வயரும் டயோடின் சொந்தத் தடையும் தவிர ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர், சில நூறு மைக்ரோ வினாடி. டிரைவரின் 22 ஓம் இதைப் பார்க்கவே பார்க்காது. இந்தக் கரண்ட் அதன் வழியாகப் போகவில்லை.

காவலுக்கு வைத்ததே கொன்றிருக்கிறது. வாசல் பக்கம் இருந்த காவல்காரன், கதவு ஒரு தரம் மூடித் திறந்ததும் வீட்டுக்காரனையே தாக்கிய மாதிரி.

தீர்வு என்ன என்று பார்த்தால், கெப்பாசிட்டரே வேண்டாம் என்பதில்லை. அது இருக்க வேண்டிய இடம் வேறு. டயோடின் கால்களிலேயே, நேராக, நடுவில் வயர் இல்லாமல் பற்றவைக்க வேண்டும். அப்போது வெடிப்பு எங்கே வந்தாலும் கெப்பாசிட்டரும் டயோடும் ஒரே பக்கம்தான் இருக்கும். பிரிந்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும், சேர்ந்தால் சேர்ந்தே ஏறும். அளவையும் குறைத்தேன்: 47 மைக்ரோவுக்குப் பதில் 100 நானோ செராமிக். கூடவே ஒரு 1என்4148 டயோடு, தலைகீழாக, எதிர்த்திசை வோல்ட் வந்தால் அதை வழிமாற்ற. முதல் டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து தரைக்கு 1 மைக்ரோ ஃபாரட் ஒன்று புதிதாகச் சேர்த்தேன். 2.2 கிலோ ஓம் வழியாக அது நிரம்ப இரண்டு மில்லி வினாடி ஆகும். அதுவரை கரண்ட் மெல்லத்தான் ஏறும். சுவிட்ச் அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய வேலையை இது உள்வாசலிலேயே முடித்துவிடுகிறது.

வயர் ஏன் வெடித்தது என்பதும் முக்கியம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒற்றைக் கம்பி வயர் போட்டிருந்தேன். விறைப்பாக இருக்கும், வைத்த இடத்தில் நிற்கும் என்று. சுவிட்சை அழுத்தும்போதெல்லாம் போர்டு ஒரு மயிரிழை நகரும். அந்த நகர்வெல்லாம் ஈயத்தில் போய் விழுந்திருக்கிறது. இப்போது பல இழை சிலிக்கான் வயர் போட்டு, பேடிலிருந்து கால் இஞ்ச் தள்ளி ஒரு துளி எபாக்ஸி வைத்துப் போர்டோடு கட்டிவிட்டேன். அசைவு எபாக்ஸியில் நின்றுவிடும்; ஈயத்துக்கு வராது.

இரண்டாவது

இது எரியவே இல்லை. செல் 3.9 வோல்ட். டம்மி லோடில் 0. முதல் டிரான்சிஸ்டரின் பேஸில் வோல்ட்டே இல்லை. அப்படியென்றால் 2.2 கிலோ ஓம்தான். அதன் மேல் 222 என்று இருக்கும், 0603 அளவு: ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் நீளம், முக்கால் மில்லிமீட்டர் அகலம். கேழ்வரகு ஒன்றை நீளவாக்கில் இழுத்து வைத்த மாதிரி. லூப்பில் பார்த்தால் ஒரு முனை சரியாகப் பிடித்திருந்தது. மறுமுனையில் ஈயம் பேடின் மேல் உருண்டு நின்றது, ரெசிஸ்டரின் முனையைத் தொட்டுக்கொண்டு, ஆனால் ஒட்டாமல். மூன்று வருடம் வெறும் தொடுகையில் ஓடியிருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு ஈயம் வைக்கக் கற்றுக்கொடுத்தவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் எலக்ட்ரானிக்ஸ்காரர் இல்லை. தெற்காவணி மூல வீதிப் பக்கம் பட்டறை வைத்திருந்த பத்தர் ஒருவர். அவரிடம் லூப்பும் சாவணமும் வாங்கப் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். மூக்குத்தியில் திருகு பற்றவைக்கும்போது வெண்காரத்தைக் குழைத்துத் தடவி, அதன் மேல் பற்றுப்பொடி வைத்து ஊதுவார். "தங்கம் சுத்தமா இருந்தாத்தான் பொடி ஓடும். அழுக்குல வச்சா உருண்டு நிக்கும். ஓடணும்ப்பா, உருளக் கூடாது" என்பார். ஈயத்துக்கும் அதேதான். செம்பின் மேல் காற்றுப் பட்டுப் படிந்த ஆக்சைடு இருக்கும்வரை ஈயம் ஒட்டாது. வெண்காரம் தங்கத்துக்குச் செய்வதை ரோசின் ஃபிளக்ஸ் செம்புக்குச் செய்கிறது. ஈயக் கம்பிக்குள்ளேயே ஃபிளக்ஸ் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நாம் ஈயத்தைப் பிட்டில் (சால்டரிங் அயர்னின் முனையில்) உருக்கி எடுத்துக்கொண்டு போய்ப் பேடில் வைக்கிறோம்; போகிற வழியிலேயே ஃபிளக்ஸ் புகையாகப் போய்விடுகிறது. வந்து சேர்வது வெறும் ஈயம். உருளத்தான் செய்யும்.

அதனால் இப்போது என் முறை இது. இரண்டு பேடிலும் ஃபிளக்ஸ் தடவுவேன். ஒரு பேடில் மட்டும் கடுகில் பாதி ஈயம் வைப்பேன். சாவணத்தில் ரெசிஸ்டரைப் பிடித்து, அந்த ஈயத்தை உருக்கிக்கொண்டே பக்கவாட்டில் நகர்த்திச் சேர்ப்பேன். பிட்டை எடுத்து, மூன்று எண்ணும் வரை சாவணத்தை விடமாட்டேன். பிறகு மறுமுனை. பிறகு முதல் முனைக்கு மறுபடியும் ஃபிளக்ஸ் தடவி ஒரு தொடுதல். முதல் தடவை பிடித்தது பெரும்பாலும் அரைகுறையாகத்தான் இருக்கும். என் பழைய போர்டில் விட்டுப்போனது இந்தக் கடைசித் தொடுதல்தான். நல்ல சேர்க்கை பளபளவென்று, பேடிலிருந்து ரெசிஸ்டரின் முனைக்கு உள்வாங்கி ஏறும், வரப்பிலிருந்து தண்ணீர் வயலுக்கு இறங்கிய மாதிரி. வெளியே புடைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஈயம் 63/37 வாங்குங்கள். அது 183 டிகிரியில் ஒரே வீச்சில் உருகி ஒரே வீச்சில் உறையும். 60/40-இல் நடுவில் கூழ் மாதிரி ஒரு நிலை இருக்கிறது. அப்போது கை அசைந்தால் உள்ளுக்குள் வெடிப்போடு உறையும். இவ்வளவு சின்ன வேலைக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது. ஈயப் புகையை முகர வேண்டாம், வேலை முடிந்ததும் கை கழுவாமல் சாப்பிட வேண்டாம். இன்னொன்று: சாமான்களைப் பிரிப்பதற்கு முன் ஃபேனை அணையுங்கள். மே மாத மதுரையில் இது லேசான காரியம் இல்லை, ஆனால் பறந்துபோன 0603-ஐ மொசைக் தரையில் தேடியவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, அதில் கற்ற பெரிய பாடம்

மூன்றாவதில் நான் என் போர்டைப் போடவில்லை. விலைக்கு வாங்கிய ஒரு மாட்யூலின் போர்டையே வைத்திருந்தேன். அதில் டயோடின் மூன்றாவது காலும் பயன்பட்டது. லேசர் டயோடின் தகரக் குடுவைக்குள் பின்பக்கம் ஒரு சின்ன போட்டோ டயோடு உட்கார்ந்திருக்கும். லேசர் எவ்வளவு எரிகிறதோ அதற்கேற்ப அது ஒரு சிறு கரண்ட் தரும். டிரைவர் அதைப் பார்த்து, ஒளி கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும்.

இதன் டயோடும் செத்திருந்தது. காரணம் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது: போட்டோ டயோடு காலில் டிரை சால்டர். கால் கழன்றதும் டிரைவருக்கு "ஒளியே இல்லை" என்ற செய்தி போயிருக்கிறது. கூட்டு, கூட்டு என்று அதனால் முடிந்த மட்டும் ஏற்றியிருக்கிறது. டம்மி லோடில் மாட்டிப் பார்த்தேன். அதில் ஒளி இல்லை என்பதால் அதே நிலைமைதான் வரும். 90 மில்லி ஆம்பியர். 30 தாங்குகிற டயோடுக்கு 90.

சுவர் கட்டும்போது, இடிந்தால் எந்தப் பக்கம் விழும் என்று கொத்தனார் யோசிப்பார். டிரைவரிலும் ஒவ்வொரு சேர்க்கையையும் அப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும்: இது கழன்றால் கரண்ட் ஏறுமா, இறங்குமா? இறங்கினால் பாயிண்டர் அணையும், திரும்பப் பற்றவைக்கலாம். ஏறினால் டயோடு போகும். அந்த மாட்யூலில் போட்டோ டயோடு கால் கழன்றால் ஏறுகிறது. அது தப்பான பக்கம் விழுகிற சுவர்.

ஆனால் போட்டோ டயோடை விட்டுவிடவும் மனமில்லை. அதற்குக் காரணம் கத்திரி வெயில்.

மே முதல் வாரம், அழகர் ஆற்றில் இறங்கி ஊர் ஓய்ந்த பிறகு, முதல் பாயிண்டரைப் புது டயோடோடு மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடிக் கொட்டகையில் வைத்து ஓட்டினேன். வெளிச்சம் வெகுவாகக் குறைந்தது. லேசருக்கு அந்த வாசல் கரண்ட், சூடு ஏற ஏற மேலே போகும். என் டிரைவரோ சூட்டில் கரண்டைக் குறைக்கும்: டிரான்சிஸ்டரின் பேஸ் வோல்ட் ஒரு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்குகிறது, 20 டிகிரிக்கு 40, 22 ஓமில் அது கிட்டத்தட்ட 2 மில்லி ஆம்பியர். வாசல் மேலே, கரண்ட் கீழே. இரண்டும் சேர்ந்து ஒளியைப் பிழிந்துவிடுகின்றன. மார்கழிக் காலையில் இதற்கு நேர் எதிர். கரண்ட் கூடும், வாசல் இறங்கும், 5 மில்லிவாட்டுக்கு வைத்த டயோடு அதைத் தாண்டும். அதனால் வெறும் கரண்ட் டிரைவரைக் கத்திரியில் செட் பண்ணாதீர்கள். விடியற்காலையில், இருக்கிற குளிர்ச்சியில், கொஞ்சம் குறைத்தே வையுங்கள். மூன்று வருடத்துக்கு முன் நான் செட் பண்ணியது ஒரு சித்திரை மதியத்தில்.

போட்டோ டயோடு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அது பார்ப்பது கரண்டை இல்லை, ஒளியை.

ஆகவே மூன்றுக்கும் ஒரே புது டிரைவர் போட்டேன். பழைய இரண்டு டிரான்சிஸ்டரோடு மூன்றாவதாக ஒன்று. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே இடத்தை, முதல்வனின் பேஸை, கீழே இழுக்கும். இரண்டாவதின் வேலை பழையபடி: 28 மில்லி ஆம்பியரைத் தாண்டவிடாது. மூன்றாவதின் வேலை ஒளியைப் பார்த்து அதற்குக் கீழேயே நிறுத்துவது. போட்டோ டயோடின் கரண்ட் ஒரு 4.7 கிலோ ஓம், ஒரு 50 கிலோ ஓம் பிரிசெட் (ஒரு தரம் திருகி வைத்துவிடுகிற சின்ன பாட்) வழியாகத் தரைக்குப் போகும், அங்கே 0.6 வோல்ட் வந்ததும் மூன்றாவது விழிக்கும். போட்டோ டயோடு கால் கழன்றால் மூன்றாவது தூங்கிவிடும், ஆனால் இரண்டாவது 28-இல் பிடித்துக்கொள்ளும், டயோடு பிழைக்கும். பிரிசெட்டின் நடுக்காலை ஒரு முனையோடு சேர்த்துவிட்டேன். அழுக்கேறி நடுக்கால் தொடாமல் போனாலும் தடை கூடத்தான் செய்யும், தடை கூடினால் ஒளி குறையும். கேட்டுக் கேட்டு எல்லாச் சுவரையும் நல்ல பக்கம் சாய்த்தாயிற்று.

நான் வாங்கிய டயோடில் தகரக் குடுவை பாசிட்டிவோடு சேர்ந்தது. அதாவது பித்தளைக் குழாயும் பாசிட்டிவ். பிவிசி பைப் என்பதால் கவலை இல்லை. உலோக டார்ச் உடம்பில் வைக்கிறவர்கள், உடம்பு நெகட்டிவாக இருக்குமே, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயோடு வாங்கப் போனது டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்கு. தெர்மாகோல் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்கள். தெர்மாகோலைத் தேய்த்தால் தாள் ஒட்டுகிறதே, அந்த ஸ்டாட்டிக்கே டயோடுக்கு எமன். "அண்ணே, கறுப்பு ஃபோம்ல வந்தது இருக்கா?" என்று கேட்டேன். உள்ளே போய்ப் பிரிக்காத பாக்கெட் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். ஐந்து வாங்கினேன். வீட்டில் கையில் எடுத்ததும் முதல் வேலை, மெல்லிய செம்பு இழை ஒன்றை மூன்று கால்களையும் சேர்த்துச் சுற்றிவிடுவது. கால்கள் நிற்பதே 2 மில்லிமீட்டர் வட்டத்துக்குள்; இழையைச் சுற்றச் சாவணம் வேண்டும். எல்லாம் பற்றவைத்து முடித்த பிறகுதான் இழையை அவிழ்ப்பேன். என் 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு எர்த் பின் இல்லை. பிட்டைத் தொட்டுக்கொண்டு டெஸ்டர் வைத்தால் மினுக்கும். அதனால் நன்றாகச் சூடேற்றி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்சச் சூட்டில் ஒரு காலை மட்டும் வைப்பேன். இரண்டு நொடி. மறுபடி மாட்டிச் சூடேற்று, மறுபடி பிடுங்கு, அடுத்த கால். மூன்று காலுக்கு கால் மணி நேரம். அவசரப்படுவதில் ஒரு லாபமும் இல்லை.

போர்டில் மின்சாரம் இருக்கும்போதோ, கெப்பாசிட்டர் நிரம்பியிருக்கும்போதோ டயோடை மாட்டாதீர்கள். டம்மி லோடைக் கழற்றியதும் சாவணத்தால் வெளிவாசல் பேடுகளை ஒரு தரம் சேர்த்துத் தொட்டு, பிறகு மாட்டுங்கள். லென்ஸ் பக்கத்தில் இன்ஸ்டன்ட் பசை வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து ஒளியைச் சிதறடிக்கும். எபாக்ஸியே போதும், ஓர் இரவு காயட்டும்.

கடைசியாக ஒளியின் அளவு. இதில் மூன்று வருடத்துக்கு முந்தைய என் முடிவை மாற்றிக்கொண்டேன். அன்று 5 மில்லிவாட் என்று பெருமையாகச் செய்தேன். இது வகுப்பறை. முப்பது நாற்பது பிள்ளைகள் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் லேசரில் 1 மில்லிவாட்டுக்குள் இருப்பது லேசர் பாதுகாப்புத் தரத்தில் கிளாஸ் 2. தவறிப் பட்டாலும் கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்வதால் தப்பிக்கலாம் என்பது கணக்கு. 5 மில்லிவாட்டுக்கு அந்த உறுதி இல்லை. கண்ணின் லென்ஸ் லேசரை விழித்திரையில் ஊசிமுனையாகக் குவிக்கிறது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் இது. கண்ணுக்காகவே ஊர் ஊராக மதுரைக்கு ரயில் ஏறி வருகிறார்கள். சர்க்கரை நோயில் விழித்திரையை மருத்துவர்கள் லேசரால் சுடுவது, அங்கே லேசர் சுடும் என்பதால்தான். அவர்கள் அளந்து, பார்த்து, வேண்டிய இடத்தில் சுடுகிறார்கள். நம் பாயிண்டர் அளக்காமல் சுட்டுவிடக் கூடாது.

அளக்க ஒரு பிபிடபிள்யூ34 போட்டோ டயோடு போதும். 650 நானோமீட்டரில் 1 மில்லிவாட்டுக்குச் சுமார் 0.4 மில்லி ஆம்பியர் தரும். அதன் சதுரம் 2.65 மில்லிமீட்டர்தான், புள்ளி முழுக்க உள்ளே விழ வேண்டும். மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து, பிரிசெட்டைத் திருகி, 0.3-இல் நிறுத்தினேன். முக்கால் மில்லிவாட். மதியம் மாடிக் கொட்டகையில் 0.29. விடிகாலை ஐந்து மணிக்கு 0.3. பழைய டிரைவரை நினைத்துப் பார்த்தபோது கண்ணில் நீர் முட்டாத குறை. பிரிசெட்டின் மேல் ஒரு துளி நகப்பூச்சு வைத்து மூடினேன்.

டீச்சர் ஃபோனில் ஒரு ஆசை சொன்னார். "பச்சைக் கலர்ல ஒண்ணு செய்ய முடியுமா தம்பி? அங்கிட்டு ஒரு ஸ்கூல்ல வச்சிருக்காங்க, நல்லா பளிச்சுனு இருக்கு." வேண்டாம் என்றேன். மலிவான பச்சைப் பாயிண்டர்களில் பெரும்பாலானவை உள்ளுக்குள் 808 நானோமீட்டர் அகச்சிவப்பில் தொடங்கி, ஒரு படிகத்தில் 1064 ஆகி, இன்னொன்றில் பாதியாகி 532 பச்சை ஆகின்றன. அகச்சிவப்பை நிறுத்தும் வடிகட்டியை வைக்காமல் விட்டால் அது அப்படியே வெளியே வரும். 2010-இல் அமெரிக்காவின் நிஸ்ட் (அந்நாட்டு அரசின் அளவைத் தர நிறுவனம்) ஆய்வகத்தார் சோதித்த ஒரு மலிவுப் பாயிண்டரில் பச்சையைவிட அகச்சிவப்பு அதிகமாக இருந்தது. அதைப் பார்த்து இமை மூடாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டி இருக்கிறதா என்று உறுதியாக அளக்க என்னிடம் கருவி இல்லை. அளக்க முடியாததைப் பிள்ளைகள் முன்னால் வைக்க மாட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்த வாரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். நல்லாயிருக்கிற மற்ற இரண்டையும் திருப்பி வாங்கிக்கொள்வதும் ஒரு காரணம். அவற்றிலும் அதே 47 மைக்ரோ அதே இடத்தில் இருக்கிறது. இன்னும் வெடிக்கவில்லை, அவ்வளவுதான். "ஓடுறதை எதுக்குப்பா பிரிக்கிறீங்க?" என்றார் டீச்சர். காரணத்தைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் ஜன்னலைச் சாத்தி, ஒரு மாணவி தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிக் கொடுக்க, அதைப் பாயிண்டரின் முன்னால் நட்டுக்குத்தலாக டேப்பில் ஒட்டினார்கள். 3 மீட்டர் தள்ளிச் சுவரில் புள்ளி உடைந்து பக்கவாட்டில் கோடாகப் பரவியது, நடுநடுவே இருட்டு. ஒரே பக்கம் அடுத்தடுத்த நான்கு இருட்டுப் புள்ளிகளுக்கு ஸ்கேல் வைத்தார்கள்: 7.8 சென்டிமீட்டர். ஓர் இடைவெளி 2.6. 650 நானோமீட்டரை 3 மீட்டரால் பெருக்கி 2.6 சென்டிமீட்டரால் வகுக்க டீச்சர் கரும்பலகையில் எழுதினார். முடியின் தடிமன் 75 மைக்ரான்.